ஒரே என்ஜின், ஆளுக்கொரு கார்: ஆட்டோமேஷன் போட்டிகள் பற்றிய நீண்ட நாள் அனுபவம்

ஆட்டோமேஷன் என்ற கார் வடிவமைப்புக் கணினி விளையாட்டில் காரை வரைவதை விட என்ஜினைச் செதுக்குவதில்தான் பலருக்கும் நேரம் போகிறது. நியூசிலாந்தின் கேம்ஷாஃப்ட் சாஃப்ட்வேர் 2015-இல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் முன்னோட்டப் பதிப்பாக வெளியிட்ட விளையாட்டு இது. போர் (சிலிண்டரின் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), கேம் புரொஃபைல் (வால்வைத் திறக்கும் கேமின் வடிவம்), கம்ப்ரஷன், பெட்ரோலின் ஆக்டேன் என்று எல்லாமே நம் கையில். விளையாடுபவர்கள் தங்களுக்குள் போட்டிகளும் நடத்துகிறார்கள்: நடத்துபவர் விதி சொல்வார், மற்றவர்கள் கார் செய்து அனுப்புவார்கள். கார் ஷாப்பிங் ரவுண்ட் போன்ற வழக்கமான போட்டிகளில் என்ஜினையும் போட்டியாளரே செய்கிறார். என்ஜினை நடத்துபவரே கொடுத்துவிடும் போட்டிகள் வேறு வகை. இவற்றில் தொடர்ந்து விளையாடியவர்கள் அறிந்த விஷயம் ஒன்று உண்டு: என்ஜினைப் பூட்டினால் எல்லாரும் சமமாகிவிடுவதில்லை. போட்டி கியர், டயர், எடை, என்ஜின் அறை ஆகியவற்றின் பக்கம் நகர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நிஜ உலகிலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பெஜோ, ரெனோ, வால்வோ மூன்றும் சேர்ந்து செய்த பிஆர்வி வி6 என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 88 மி.மீ. போர், 73 மி.மீ. ஸ்ட்ரோக், 2,664 சி.சி. என்ற அளவில் 1974-இல் வந்தது. வால்வோ 264-இல் முன்னால் உட்கார்ந்து பெரிய செடானை இழுத்த அதே என்ஜின், ஆல்பைன் ஏ310-இல் பின்னால் போய் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டியது. போரை 91 மி.மீ. ஆக்கிய 2,849 சி.சி. வடிவம் டெலோரியனுக்குப் போனது. ஸ்ட்ரோக் அப்படியே, போர் மட்டும் மாற்றம். விளையாட்டில் ஃபேமிலி (அடிப்படை என்ஜின்), வேரியன்ட் (அதன் ஒரு வடிவம்) என்று பிரித்திருப்பதும் இதே தர்க்கம்தான். ஒரு ஃபேமிலியிலிருந்து இரண்டு மூன்று வேரியன்ட் கொடுத்து, ‘எது வேண்டுமோ எடுத்துக்கொள்’ என்று விடும் போட்டிகளே நன்றாக அமைகின்றன. ஒரே ஒரு என்ஜின் மட்டும் என்றால் முடிவில் வரும் கார்கள் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன.

நடைமுறை எளிது. நடத்துபவர் என்ஜினை ஒரு டம்மி காரில் பொருத்தி .கார் கோப்பாக ஏற்றுமதி செய்கிறார். அதை இறக்கிக்கொண்டதும் என்ஜின் நம் பட்டியலில் வந்துவிடும். பிறகு புது மாடல், புது டிரிம் (அந்த மாடலின் ஒரு வடிவம்) தொடங்கி, என்ஜின் தேர்வில் அந்த வேரியன்டை எடுக்க வேண்டும். டிரிம்மின் ஆண்டு என்ஜின் ஆண்டுக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. பட்டியலில் என்ஜினே காணோம் என்று தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். என்ஜின் பக்கத்தை வேடிக்கை பார்க்கத் திறப்பதும் ஆபத்து. ஒரு ஸ்லைடர் தெரியாமல் நகர்ந்தாலும் எண்கள் மாறும், நடத்துபவர் ஒப்பிடும்போது கார் நிராகரிக்கப்படும். பார்த்தே ஆக வேண்டும் என்றால் டம்மி காரின் பிரதியில் பார்ப்பது நல்லது.

பாடி தேர்வு செய்வதற்கு முன்பே என்ஜினின் நீள, அகல, உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அழகான பாடியை எடுத்து ஒரு மாலை முழுக்க விளக்கும் கிரில்லும் பொருத்திவிட்டு, கடைசியில் என்ஜின் உள்ளே நுழையவில்லை என்று தெரிவது இந்த வகைப் போட்டியில் அடிக்கடி நடக்கும் கூத்து. சொந்த என்ஜினாக இருந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாற்றியோ போரைக் குறைத்தோ நுழைத்துவிடலாம். இங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது. வரிசை ஆறு சிலிண்டரைக் குறுக்காக வைக்க அகலமான பாடி வேண்டும். வி6-ஐ நெடுக்காக வைத்தால் நீளம் தப்பிக்கும், அகலம் இடிக்கும். முன் சஸ்பென்ஷனை டபுள் விஷ்போனிலிருந்து மெக்பெர்சனுக்கு மாற்றினால் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதுவும் போதாவிட்டால் பாடியைத்தான் மாற்ற வேண்டும். நடத்துபவருக்கும் இதில் பொறுப்பு உண்டு: நீளக் குழாய் எக்ஸாஸ்ட், பெரிய இன்டேக் என்று மாட்டிக் கொடுத்தால் சிறிய ஹேட்ச்பேக் பாடிகள் எல்லாம் தானாகவே வெளியேறிவிடும்.

இன்னொன்று சைலன்சர். இந்த விளையாட்டில் எக்ஸாஸ்ட் குழாயும் சைலன்சரும் காருக்குச் சொந்தமில்லை, என்ஜினுக்குச் சொந்தம். கொடுத்த என்ஜின் சத்தமாக இருந்தால் அந்தச் சத்தம் உங்கள் குடும்ப செடானிலும் இருக்கும், கம்ஃபர்ட் எண்ணை இழுத்துக் கீழே போடும். அதை ஈடுகட்ட உட்புறத்தின் தரத்தைக் கூட்டுவதும் மென்மையான ஸ்பிரிங் வைப்பதும் வழி, ஆனால் உட்புறம் எடையையும் விலையையும் ஏற்றும். விலை உச்சவரம்பு உள்ள போட்டியில் இது எளிதில் கட்டுப்படியாகாது. சத்தமான என்ஜின் வந்தால் சொகுசுக் காரைக் கைவிட்டு ஸ்போர்ட்டியான டிரிம் பக்கம் போவதே புத்திசாலித்தனம்.

உண்மையான வித்தியாசம் கியரில்தான் வருகிறது. எடுத்துக்காட்டாக 86 மி.மீ. போர், 86 மி.மீ. ஸ்ட்ரோக், நாலு சிலிண்டர், 1,998 சி.சி., 136 குதிரைத்திறன், 6,500 ஆர்பிஎம் எல்லை என்று ஒரு என்ஜின் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கியர் உள்ள 1,200 கிலோ காரில் இது ஏறத்தாழ மணிக்கு 210 கி.மீ. வரை தள்ளும். கியர் விகிதங்களைத் தீர்மானிக்கும் உச்ச வேக ஸ்லைடரை அதே 210-இல் நிறுத்தினால் 100 கி.மீ. வேகத்தில் கடைசி கியரில் என்ஜின் சுமார் 3,100 ஆர்பிஎம்மில் சுற்றும். 250-க்கு நகர்த்தினால் அதே வேகத்தில் 2,600. மைலேஜ் கூடும். கார் 250-ஐ எட்டாதுதான், அது பரவாயில்லை. உச்ச வேகத்தை நாலாவது கியர் பார்த்துக்கொள்ளும். எனவே மைலேஜுக்கு மதிப்பெண் உள்ள போட்டியில் 210-இல் நிறுத்துபவர் வீணாகத் தோற்கிறார்.

அப்படிச் செய்யும்போது கியர்களுக்கு இடையிலான இடைவெளி விரியும். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது விகிதம் ஒன்றரை மடங்கு என்றால் 6,500-இலிருந்து சுமார் 4,330-க்கு விழும். கொடுத்த என்ஜினின் கேம் உயரமாக இருந்து, 4,500-க்கு மேல்தான் டார்க் (முறுக்கு விசை) வருகிறது என்றால் பிக்கப் அங்கேயே செத்துவிடும். ஆகவே ஸ்லைடரைத் தொடும் முன் டார்க் வரைபடத்தைப் பாருங்கள். அடியிலேயே டார்க் தரும் என்ஜினுக்கு ஐந்து கியரும் அகன்ற இடைவெளியும் போதும். மேலே மட்டும் உயிர் வரும் என்ஜினுக்கு ஆறாவது கியர் கட்டாயம், விலை ஏறினாலும் சரி. முதல் கியரை மிகக் குட்டையாக வைத்தால் முன்சக்கர இழுவைக் காரில் டயர் வழுக்கும். வழுக்கல் வரைபடத்தில் அது அப்பட்டமாகத் தெரியும்.

டயரில் பேராசை வேண்டாம். அகலமான டயர் ஸ்போர்ட்டினெஸைக் கூட்டும். ஆனால் விலையும் எரிபொருள் செலவும் சேர்ந்தே ஏறும். பின்சக்கர இழுவையில் பின் டயர் முன் டயரை விடக் குறுகியதாக இருந்தால் விளையாட்டே ஓவர்ஸ்டியர் (வளைவில் பின்பக்கம் வழுக்கி வெளியே போவது) எச்சரிக்கை காட்டும், டிரைவபிலிட்டி (ஓட்ட எவ்வளவு எளிது என்ற எண்) சரிந்துவிடும். முதலில் டயர் அகலம், அடுத்து கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), அதற்கப்புறம் ஆன்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி), ஸ்பிரிங் என்ற வரிசையில் சரிசெய்தால் குழப்பம் குறைவு. பிரேக்கில் முன் சக்கரம் டயர் பிடிப்பை ஒட்டிப் பூட்டும் அளவு போதும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு பிஸ்டனும் வீண் எடை, வீண் காசு. குளிர்விப்புக் காற்றைத் தேவைக்கு மேல் திறந்துவைத்தால் காற்றுத் தடை கூடும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

நடத்துபவர் பக்கம் குறை இல்லாமல் இல்லை. என்ஜினைக் கொடுத்துவிட்டு, பாகங்களின் தரத்தைக் கூட்டும் குவாலிட்டி ஸ்லைடருக்கு வரம்பு சொல்லாமல் விட்டால், எல்லாரும் கியர்பாக்ஸிலும் சஸ்பென்ஷனிலும் குவாலிட்டியை வாரி இறைப்பார்கள். டெக் பூலுக்கும் (தொழில்நுட்பத்தில் எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்ற அளவு) வரம்பு வேண்டும். காரின் நுணுக்கமான அளவுகளை நேரடியாக மாற்றும் அட்வான்ஸ்டு டிரிம் செட்டிங்குகளைத் தோற்றத்துக்கு மட்டும் அனுமதிப்பது நியாயமானது.

புதிதாக வருபவர்களுக்கு இந்த வகைப் போட்டியைத் தாராளமாகச் சொல்லலாம். வால்வ் ஃப்ளோட் (அதிக வேகத்தில் வால்வ் சரியாக மூடாமல் போவது), நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது) என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் காரைக் கற்கலாம். என்ஜின் செய்வதையே விரும்பி விளையாடுபவர்களுக்கு இது சப்பென்றிருக்கும். பீம்என்ஜி.டிரைவ் என்ற கார் ஓட்டும் விளையாட்டுக்கு ஏற்றுமதி செய்து ஓட்டிப் பார்க்கும் வசதி 2018-இலிருந்து இருப்பதால், எண்ணில் நல்லதாகத் தெரியும் கார் வளைவில் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் சரிபார்க்கலாம்.

கோப்பை அனுப்பும் முன் இரண்டு வேலை. விளையாட்டின் எந்தப் பதிப்பில் போட்டி நடக்கிறது என்று பாருங்கள். பீட்டா பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. பிறகு ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்த பாடி, விளக்கு, கிரில் மோடுகளின் (மற்ற ஆட்டக்காரர்கள் செய்து ஸ்டீமில் பகிர்ந்த கூடுதல் பாகங்கள்) பட்டியலைக் கோப்போடு சேர்த்து அனுப்புங்கள். நடத்துபவரிடம் அந்த மோடு இல்லையென்றால் உங்கள் கார் விளக்கே இல்லாமல்தான் மேடையேறும்.