கேரம் ஆப்: லெவல் ஏறுது, வெற்றி ஏறலையே!

புளியந்தோப்பு நண்பன் கேட்டான்: "மச்சான், லெவல் ஏறிட்டே போவுது, ஜெயிக்கிறது மட்டும் குறையுது. ஏதாவது கோல்மால் பண்றாங்களா?" அதே கேரம் ஆப்பை நானும் வருஷக்கணக்கில் ஆடுகிறேன். எனக்கும் தீராத எரிச்சல் இதுதான்.

இந்த ஆப்பில் தோற்றாலும் பாயின்ட் ஏறும். அதனால் லெவல் என்பது எவ்வளவு நேரம் ஆடினோம் என்ற கணக்குதான், கைத்திறமைக்கு அதில் இடமே இல்லை. யாரோடு மோதுவது என்பதை டேபிளுக்குப் பந்தயமாகக் கட்டும் ஆப் காயின்தான் முடிவு செய்கிறது. சின்ன டேபிளில் ஃபாலோ (ரெட்டைப் போட்டதும் அடுத்துத் தன் காயைப் போடுவது) என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் வருவார்கள், சுலபமாக ஜெயிக்கலாம். பெரிய டேபிளில் போன வாரம் வந்தவர் பிரேக்கிலேயே இரண்டு காய் போட்டார். அப்புறம் ரெட், ஃபாலோ, மிச்சக் காய்கள் என்று போர்டையே துடைத்துவிட்டார். எனக்கு ஒரு ஸ்ட்ரைக்கூட வரவில்லை. கட்டிய காயின் போனது போனதுதான்.

செஸ்ஸில் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ஆர்பாட் ஈலோ என்ற பேராசிரியர் வகுத்த, ஆட்டக்காரர் பலத்தை எண்ணில் சொல்லும் ரேட்டிங் கணக்கை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் ஏற்றுக்கொண்டது. இருவருக்கும் ஒரே ரேட்டிங் என்றால் ஆட்டப் புள்ளி (ஜெயித்தால் 1, டிராவுக்கு அரை) ஆளுக்குப் பாதி. ரேட்டிங் 200 கூட இருப்பவர் 100 ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி எடுப்பார், 400 கூட என்றால் சுமார் 91. லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் புதியவருக்கு 1500 கொடுத்து, அவர் நிலை தெளிவாகும்வரை ரேட்டிங் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைக்கிறார்கள். நாம் தேறத் தேற எதிராளியும் பலமானவராக வருவார். ஆகவே வெற்றி பாதியை ஒட்டியே நிற்கும், ரேட்டிங்தான் உயரும். அங்கே பாதி ஆட்டம் தோற்றால் சரியான ஜோடி கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

2008-ல் வியாசர்பாடி இளவழகி, 2024-ல் வண்ணாரப்பேட்டை காசிமா என்று கேரம் உலக சாம்பியன்கள் வந்த ஊர் நம்ம வடசென்னை. இங்கே மன்றத்தில் புதுப் பையனை எடுத்ததும் சீனியர் எதிரே உட்கார வைக்க மாட்டார்கள். நாலு ஸ்ட்ரைக் பார்த்தாலே கை தெரிந்துவிடும். டபுள்ஸ் பிரிக்கும்போதும் நல்ல கையோடு புதுக் கையைச் சேர்த்துதான் போடுவார்கள். பவுடர் தூவும் அண்ணனுக்குத் தெரிந்த இந்த விஷயம் ஆப் செய்தவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

மற்றபடி ஆட்டம் அருமை. கட்டையில் பட்டுத் திரும்பும் கோணம் நிஜ போர்டு மாதிரியே இருக்கிறது. மெல்லத் தட்டினால் காய் பாக்கெட் விளிம்பில் தயங்கி விழுவதைப் பார்க்க அவ்வளவு ஆசை. எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டால் எனக்கு இதுதான் துணை.

இருந்தும் 2 ஸ்டார்தான். சரிசமமான ஆளோடு ஆடவிடாத ஆப்புக்கு அதற்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை. ஆடுபவர்கள் சின்ன டேபிளிலேயே ஆடுங்கள். தோற்ற வேகத்தில் காசு போட்டு மட்டும் காயின் வாங்காதீர்கள், அது இன்னும் பெரிய கைகளிடம்தான் கொண்டுபோய் விடும்.