குதிரையா பிஷப்பா, யானையா ரெண்டு சின்னக் காயா: எதைக் கொடுத்து எதை வாங்கலாம்?

சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9. செஸ் கற்கத் தொடங்கியதுமே இந்தப் புள்ளிப் பட்டியலைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இதில் குதிரையும் பிஷப்பும்தான் சின்னக் காய்கள். தப்பில்லை, ஒரு சிப்பாய்க்கு ஆசைப்பட்டு யானையை விடாமல் இருக்க இது போதும். தகராறு வருவதெல்லாம் கணக்கு சமமாகவோ கிட்டத்தட்ட சமமாகவோ வரும் இடங்களில்தான். 3-க்கு 3, 6-க்கு 6, 10-க்கு 9. அங்கே இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. என் கட்சி இதுதான்: சிப்பாய் தவிர்த்த மற்றக் காய்களின் மதிப்பை முடிவு செய்வது சிப்பாய்கள் எத்தனை மிச்சமிருக்கின்றன, எங்கே நிற்கின்றன என்பதுதான், அதற்கு அடுத்தபடியாகத்தான் அந்தக் காய்க்குக் கூட யார் துணை என்பது.

முதலில் தீராத சண்டையை எடுத்துக்கொள்வோம், குதிரையா பிஷப்பா. காலிப் பலகையில் எண்ணினால் பிஷப் கையை வீசிக்கொண்டு ஜெயித்துவிடும்: நடுவில் நின்றால் 13 கட்டம், மூலையில் நின்றாலும் 7. குதிரைக்கு நடுவில் 8, மூலையில் வெறும் 2. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போக குதிரைக்கு 6 நகர்த்தல் ஆகும், பிஷப் ஒரே தாவில் போய்விடும். டி8-இல் (எழுத்து நேர்வரிசைக்கு, எண் குறுக்குவரிசைக்கு) குதிரையும் டி5-இல் எதிராளியின் பிஷப்பும் நின்றால், குதிரை போகக்கூடிய நான்கு கட்டங்களும் அந்த ஒரே பிஷப்பின் பார்வையில் இருக்கும், குதிரைக்குப் போக்கிடமே கிடையாது. ஆனால் பிஷப்புக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு, 64 கட்டங்களில் பாதியை அது ஆயுசுக்கும் தொட முடியாது. அதோடு, சொந்தச் சிப்பாய்களே வழியை அடைத்துவிட்டால் அந்த 13 கட்டம் எல்லாம் காகிதத்தில்தான். கறுப்புக் காய்களோடு பிரெஞ்சு டிஃபன்ஸ் என்ற தொடக்கத்தை ஆடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஈ6-இலும் டி5-இலும் சிப்பாய்களை நிறுத்திவிட்டு சி8 பிஷப்பை என்ன செய்வது என்று பாதி ஆட்டம் வரை முழித்துக்கொண்டிருப்பார்கள்.

ரெண்டு பக்கத்துக்கும் நல்ல சாட்சி இருக்கிறது. 1985 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பின் 16-ஆவது ஆட்டத்தில் காஸ்பரோவ் கறுப்புக் காய்களோடு ஆடி, ஒரு குதிரையை டி3-இல், அதாவது எதிராளி கார்போவின் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் உட்கார வைத்தார். அதை விரட்ட ஒரு சிப்பாயும் இல்லை, வெள்ளையின் யானைகளும் குதிரைகளும் மூச்சுவிட இடமில்லாமல் திணறின, கார்போவ் தோற்றார். அந்தக் குதிரைக்கு 3 புள்ளி என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். மறுபக்கம், 1971-இல் வான்கூவரில் ஃபிஷர், தைமனோவ் மோதிய நான்காவது ஆட்டம். கடைசியில் ஃபிஷரிடம் பிஷப், தைமனோவிடம் குதிரை, பலகையின் ரெண்டு பக்கத்திலும் சிப்பாய்கள். பிஷப்பால் ஒரு நகர்த்தலை வேண்டுமென்றே வீணாக்கி, எதை நகர்த்தினாலும் நஷ்டம் என்கிற நேரத்தில் நகர்த்த வேண்டிய கட்டாயத்தை எதிராளியிடம் தள்ளிவிட முடியும், குதிரையால் அது முடியாது. அந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே ஃபிஷர் நெருக்கி நெருக்கி, முடிவில் அதே பிஷப்பையே ஒரு சிப்பாய்க்காகக் கொடுத்துவிட்டு, ராஜாவை உள்ளே விட்டு மற்றச் சிப்பாய்களை அள்ளினார்.

ஃபிஷர் பிஷப்புக்கு 3.25 என்று போட்டிருந்தார். டீப்மைண்ட் நிறுவனம் 2020-இல் ஆல்ஃபாஸீரோ என்ற தன் செஸ் புரோகிராமை வைத்துக் கணக்கிட்டபோது குதிரை 3.05, பிஷப் 3.33, யானை 5.63, ராணி 9.5 என்று வந்தது. எனக்கு இதைவிட அமெரிக்க செஸ் ஆட்டக்காரர் லாரி காஃப்மன் 1999-இல் ஏராளமான ஆட்டங்களைப் பிரித்துப் பார்த்து எழுதியதுதான் பிடிக்கும். ஒற்றைக் குதிரையும் ஒற்றை பிஷப்பும் சமம்தான் என்கிறார், ஆனால் ரெண்டு பிஷப்பும் கையில் இருந்தால் அரைச் சிப்பாய் கூடுதல். ஆகவே காரணமே இல்லாமல் முதல் பிஷப்பைக் குதிரைக்குக் கொடுப்பதுதான் நஷ்டம், அது போன பிறகு மிச்சமிருப்பதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. சிப்பாயே இல்லாத எண்ட்கேமிலும் (காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டத்திலும்) இதே கதை: ரெண்டு பிஷப் இருந்தால் தனி ராஜாவை மேட் ஆக்கிவிடலாம், ரெண்டு குதிரை இருந்தால் எதிராளி தானாக வந்து மாட்டினால்தான் உண்டு.

காஃப்மன் சொன்ன இன்னொன்று இன்னும் முக்கியம். ஒரு பக்கத்துச் சிப்பாய்கள் ஐந்துக்கு மேல் இருந்தால், கூடுதலான ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கத்துக் குதிரையின் மதிப்பு கொஞ்சம் ஏறும், யானையின் மதிப்பு இறங்கும், சிப்பாய்கள் குறைந்தால் தலைகீழ். இது புரிந்தால் ஆன்லைனில் தினமும் பார்க்கிற அந்த எஃப்7 வியாபாரம் ஏன் நஷ்டம் என்று புரிந்துவிடும். சி4-இல் பிஷப், ஜி5-இல் குதிரை, ரெண்டையும் எஃப்7-இல் கொடுத்து யானையையும் ஒரு சிப்பாயையும் வாங்குவார்கள். 6-க்கு 6, சரி. ஆனால் ஆட்டம் தொடங்கி பத்து நகர்த்தல்கூட ஆகியிருக்காது, சிப்பாய் இல்லாத நேர்வரிசை ஒன்றுகூடத் திறந்திருக்காது, உங்கள் ரெண்டு யானையும் மூலையில் சும்மா நிற்கும், எதிராளியின் சின்னக் காய்கள் நான்கும் களத்தில் இறங்கிவிடும். எண்ட்கேம் வரை தாக்குப்பிடித்தால் யானை தன் விலையைக் காட்டும்தான், அதுவரை நீங்கள் இருக்க வேண்டுமே.

எக்ஸ்சேஞ்ச் தியாகம், அதாவது யானையைக் கொடுத்து ஒரு சின்னக் காயை மட்டும் வாங்குவது, இதே கணக்கின் அடுத்த படி. 1953 சூரிக் போட்டியில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராக பெட்ரோசியன் யானையை ஈ6-இல் கொண்டுபோய் வைத்து, வேண்டுமானால் பிஷப்பால் வெட்டிக்கொள் என்று விட்டார். அவருக்கு வேண்டியிருந்தது குதிரை ஈ7 வழியாக டி5-க்கு வருவதற்கு வழி. வந்து உட்கார்ந்தது, வெள்ளையின் சிப்பாய்கள் அங்கேயே நின்றுபோயின, ஆட்டம் டிரா. யானைக்கு வேலையே இல்லாத நிலையில் 5 என்ன, 3 என்ன.

ராணியா ரெண்டு யானையா என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உங்கள் ராஜா பத்திரமாக இருந்து, யானைகள் ஒன்றையொன்று காத்துக்கொண்டிருந்தால் யானைகள்தான். ஒரு சிப்பாயை ரெண்டுமாகத் தாக்கும்போது ராணியால் ஒரு தடவைதான் காக்க முடியும். உங்கள் ராஜா வெட்டவெளியில் நின்றாலோ யானைகள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தாலோ, ராணி செக் மேல் செக் கொடுத்து ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு போய்விடும். ராணிக்கு எதிராக மூன்று சின்னக் காய்கள் என்றால், அதில் பிஷப் ஜோடியும் இருந்தால், நான் யோசிக்காமல் மூன்றைத்தான் எடுப்பேன்.

கடைசியாக அந்த 1 புள்ளிக் காய். உங்களிடம் ராஜாவும் ஏழாவது குறுக்குவரிசைக்கு வந்துவிட்ட ஒரே சிப்பாயும், எதிராளியிடம் ராஜாவும் ராணியும், அவருடைய ராஜா வெகு தூரத்தில். உங்கள் ராஜா பக்கத்திலேயே துணை நிற்கும் அந்தச் சிப்பாய் பி, டி, ஈ, ஜி நேர்வரிசையில் இருந்தால் தோல்விதான். ஏ அல்லது எச் நேர்வரிசையில் இருந்தால், ராஜா சிப்பாய்க்கு முன்னால் மூலையில் ஒதுங்கிக்கொள்ளும், ராணி நெருங்கி நின்றால் நகர இடமில்லாமல் ஸ்டேல்மேட், அதாவது டிரா. சி அல்லது எஃப் நேர்வரிசை என்றால் இன்னும் வேடிக்கை: ராணி செக் கொடுக்கும்போது ராஜா சிப்பாயை விட்டுவிட்டு மூலைக்குப் போய்விடலாம், ராணி அந்தச் சிப்பாயை வெட்டினால் அதுவும் ஸ்டேல்மேட்.