தோப்புக் காவலுக்கு நாய்க்குட்டி: கென்னலில் வாங்குவதா, தோட்டக்காரரிடம் வாங்குவதா?

மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு நாய் விஷயத்தில் ஒரு வசதி உண்டு. பேர் பெற்ற தமிழ்நாட்டு இனங்கள் எல்லாமே நமக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் ராஜபாளையம். கோவில்பட்டிப் பக்கம் போனால் கன்னியும் சிப்பிப்பாறையும். தேனி, உத்தமபாளையம் வழியாக மேற்கே போனால் கோம்பை. விடியக் கிளம்பினால் எந்த ஊருக்கும் போய்ப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். ஆனால் நம்பி வாங்கக்கூடிய குட்டி அவ்வளவு சுலபத்தில் அகப்படாது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் இந்த இனங்களைப் பெயர் சொல்லிப் பேசினார். அதற்குப் பிறகு கேட்பவர்களும் கூடிவிட்டார்கள், விற்பவர்களும் கூடிவிட்டார்கள்.

வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பும் சின்ன ஆட்டுக் கொட்டகையும் இருக்கின்றன. அங்கே காவலுக்கு நாய் தேடியபோது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, இன நாய்களை வளர்த்துப் பதிவுச் சான்றிதழோடு விற்கும் கென்னல். இரண்டாவது, தன் தோட்டத்துக்காக நாய் வளர்த்து, ஈத்தில் மிஞ்சும் குட்டிகளை விலைக்குக் கொடுக்கும் விவசாயி. மூன்றாவது பெட் ஷாப், வாட்ஸ்அப் தரகர் வகையறா. நான் விவசாயியிடம்தான் வாங்கினேன், ஒரு கோம்பை ஆண் குட்டி. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

மூன்றாவது வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தரகரிடம் தாய் நாய் இருக்காது. நாலைந்து வீட்டு ஈத்துக் குட்டிகள் ஒரே கூண்டில் கிடக்கும். ஒன்றுக்குப் பார்வோ என்ற தொற்று நோய் வந்தால் மற்றதுகளும் பிழைப்பது கஷ்டம். முகம் கறுத்த செவலைக் குட்டியைப் படம் பிடித்து அனுப்பி ‘ஒரிஜினல் கோம்பை’ என்பார். ஆறு வாரக் குட்டியின் படத்தை வைத்து அதை உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. அவருக்குக் கொடுக்கும் காசுக்குத் தெருவில் பிறந்த நாட்டுக் குட்டி ஒன்றை எடுத்து ஒழுங்காகத் தடுப்பூசி போட்டு வளர்க்கலாம். கேலியாகச் சொல்லவில்லை. ராத்திரி ஆள் வந்தால் குரைத்து எழுப்பினால் போதும் என்பவருக்கு அதுவே தாராளம்.

எந்த இனம் என்பதிலும் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்குப் பிறந்தவை, கண்ணில் பட்டதைத் துரத்துபவை. அந்தக் காலத்து முயல் வேட்டை இன்றைக்கு 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேட்டை வீடியோவைக் காட்டிக் குட்டியை விற்கப் பார்க்கிறவரிடம் நான் பேச்சையே நீட்டுவதில்லை. ஓரிடத்தில் நின்று காவல் காக்க வேண்டுமென்றால் ராஜபாளையம், இல்லையென்றால் கோம்பை.

கென்னலின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இந்தியக் கென்னல் கிளப்பின் சான்றிதழ் இருந்தால் சில தலைமுறை முன்னோர் பெயர்கள் எழுத்தில் கிடைக்கும். தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே நாயின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ரத்தம் நெருங்கிப் போயிருக்கிறது என்று அர்த்தம். ஊர்ப்பக்கம் இதை வாய் வார்த்தையில்தான் நம்பியாக வேண்டும். ஆனால் முன்னோர் கட்டங்கள் காலியாக இருக்கும் சான்றிதழும் நாட்டு இனங்களில் உண்டு. கையில் வாங்கிப் படித்துப் பார்க்காமல் ‘பேப்பர் இருக்கு’ என்ற பேச்சில் மயங்க வேண்டாம். தடுப்பூசி அட்டை, குடற்புழு மருந்து கொடுத்த தேதி, மைக்ரோசிப் எண் எல்லாம் கென்னலில் ஒழுங்காக இருக்கும். நான் போய்ப் பார்த்த ஒரு கென்னல், பல வீடுகளை விடச் சுத்தமாக இருந்தது.

ராஜபாளையம் வாங்குவதாக இருந்தால் கென்னல் பக்கம் சாய இன்னொரு காரணமும் இருக்கிறது. பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் அந்த இனத்தின் அழகு. அதோடு ஒட்டி வருவது பிறவிச் செவிடு. உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துவிடும். கூட்டத்தில் வைத்துக் கைதட்டினால் கண்டுபிடிக்க முடியாது. மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். ஒவ்வொன்றாகத் தனியே எடுத்துப் போய், அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் ஒரு சில்வர் தட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒற்றைக் காது மட்டும் செவிடென்றால் அதிலும் தப்பிவிடும், அதற்குக் கருவிப் பரிசோதனைதான் ஒரே வழி. நல்ல கென்னல்காரருக்கு இது அத்துப்படி. கேட்டால் கோபப்படுபவரிடம் வாங்காதீர்கள். நான் ராஜபாளையம் வளர்த்ததில்லை. வளர்ப்பவர்களோடு பேசியதையும் படித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இவ்வளவு இருந்தும் கென்னலை ஏன் விட்டேன் என்றால், முந்தைய ஈத்துக் குட்டிகளுக்காக.

காவல் குணம் இரண்டு மாதக் குட்டியிடம் தெரியாது. ஒன்றரை, இரண்டு வயதில்தான் அது உருப்படியாக வெளியே வரும். தாயைப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் குட்டி போட்டிருக்கும் தாய் யாரைக் கண்டாலும் உறுமும். அந்தக் கோபம் காவலா, குட்டிப் பாசமா என்று பிரிப்பது கஷ்டம். மாடு வாங்கப் போகிறவர் பசுவின் கறவையை மட்டுமா பார்க்கிறார்? அதன் முந்தைய ஈத்துக் கிடேரிகள் இப்போது யார் வீட்டில் நிற்கின்றன, எத்தனை லிட்டர் கறக்கின்றன என்றும் விசாரிக்கிறார். நாய்க்கும் அதே கேள்விதான். இதே தாய், இதே தகப்பன் ஜோடியில் முன்னால் பிறந்தவை இப்போது எங்கே இருக்கின்றன, என்ன வேலை பார்க்கின்றன? சான்றிதழில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

கென்னல்களில் இதைக் கேட்டேன். மறைக்காமல் சொன்னார்கள். சென்னை, பெங்களூரு, கொச்சி என்று குட்டிகள் போயிருக்கின்றன. வாங்கியவரின் போன் நம்பர் தர முடியாது என்றார்கள், அது நியாயம்தான். ஒருவர் மட்டும் செல்போனில் வீடியோக்களைக் காட்டினார். ஆரோக்கியமான, அழகான நாய்கள். எல்லாமே மொட்டை மாடியிலும் சோபாவிலும் இருந்தன. தோப்பில் விட்டால் அவை என்ன செய்யும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கோம்பைப் பக்கத்துத் தோட்டக்காரர் கதை வேறு. அவர் குட்டிகள் தூரம் போகவில்லை. சொந்தக்காரர், சம்பந்தி, தெரிந்த வியாபாரி என்று கம்பம் பள்ளத்தாக்கிலும் ஆண்டிபட்டிப் பக்கமும்தான் இருக்கின்றன. கேட்டதும் ஊரும் தோட்டமும் சொல்லி, ‘போய்ப் பாருங்க தம்பி, நான் சொன்னேன்னு சொல்லுங்க’ என்றார்.

சின்னமனூர்ப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் மூத்த ஈத்து நாய் ஒன்று. வண்டியை நிறுத்தும் வரை சத்தமே இல்லை. வேலிப் படலில் கை வைத்ததும் எங்கிருந்தோ வந்து எதிரே நின்று குரைத்தது. தோட்டக்காரப் பெரியவர் ஒரு அதட்டுப் போட்டதும் நிறுத்தியது. ஆனால் பேசி முடிக்கும் வரை என்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. கோழிகள் அதன் வாலருகே மேய்ந்துகொண்டிருந்தன. ‘மயிலுக்குக் குரைக்காது தம்பி. ஆளுக்கு, பன்னிக்கு மட்டும்தான்’ என்றார் பெரியவர். சிறுமலை அடிவாரத்தில் விவசாயம் பார்க்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய சிபாரிசு என்று தெரியும். மயிலுக்கெல்லாம் குரைக்கிற நாயின் சத்தத்தை மூன்றாவது ராத்திரியில் இருந்தே யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு ஆட்டுக் கிடையில் இன்னொன்று. அதே ஈத்துப் பெட்டை. ஆடுகளுக்கு நடுவே படுத்திருந்தது. அதுவும் இதே மாதிரிதான், முதலில் பார்வை, அப்புறம்தான் சத்தம். ஆனால் மூன்றாவதாகப் பார்த்த நாய் எனக்குப் பிடிக்கவில்லை. பகல் முழுக்கச் சங்கிலியில் இருந்தது. ஆளைக் கண்டால் பின்வாங்கிப் போய் மூலையில் நின்று குரைத்தது. பயந்த நாய்தான் திடீரென்று கடிக்கும். விசாரித்தால் தாய் அதேதான், தகப்பன் வேறு. வளர்த்த விதமும் ஒரு காரணமாக இருக்கலாம், மூன்று நாயை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த ஆணுக்குப் பிறந்த குட்டி வேண்டாம் என்று முடிவெடுக்க எனக்கு அது போதுமாக இருந்தது. பழைய ஜோடிக்கே மறுபடி சேர்த்த ஈத்தில் ஒரு குட்டிக்குச் சொல்லி வைத்தேன்.

தோட்டத்துக் குட்டியில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. முதலாவது வயது. ‘பால் மறந்துருச்சு, தூக்கிட்டுப் போங்க’ என்று முப்பது, நாற்பது நாளிலேயே கொடுத்துவிடுவார்கள். 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள், கூடப் பிறந்ததுகளோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்து, எட்டு வாரம் முடியத் தாயிடமே இருக்கட்டும் என்றேன். தீனிச் செலவுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்ததும் சரி என்றுவிட்டார்.

இரண்டாவது தடுப்பூசி. பல தோட்டங்களில் அந்தப் பேச்சே கிடையாது. முதல் ஊசிச் செலவை நானே ஏற்றுக்கொண்டு, பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் போட்டு, மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையை வாங்கச் சொன்னேன். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஊசிகள் முடியும் வரை வேறு நாய் செத்த இடத்தில் குட்டியை விடக் கூடாது.

மூன்றாவது, அதே 2017 விதிகள் கேட்கும் மாநில விலங்கு நல வாரியப் பதிவு. குட்டிகளைத் தொடர்ந்து விற்றால் விவசாயிக்கும் அது பொருந்தும். பெரும்பாலானவர்களிடம் இல்லை. நான் வாங்கியவர் விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னார், அந்த ரசீதை நான் பார்க்கவில்லை. ரத்த நெருக்கத்திலும் அவர் சொன்னதைத்தான் நம்பியிருக்கிறேன். ஆண் நாய் வேறு ஊரிலிருந்து வந்தது என்பதை அந்த ஊரில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன், அதற்கு முந்தைய தலைமுறை பற்றி ஒன்றும் தெரியாது. பின்னால் குட்டி எடுத்து விற்கும் எண்ணம் உள்ளவருக்கோ, டாக் ஷோவுக்குக் கொண்டுபோக ஆசைப்படுபவருக்கோ என் வழி உதவாது. கென்னலுக்கே போகலாம். விலை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், ஆனால் அதற்கான தாள் கையில் இருக்கும்.

என் நாய்க்கு ஒரு வயது தாண்டி சில மாதங்கள்தான் ஆகின்றன. ஆடுகளோடு பழகிவிட்டது. வேலிக்கு வெளியே போவதில்லை. மயிலைப் பார்த்து இன்னமும் குரைக்கிறது. சின்னமனூர் நாயும் இந்த வயதில் அப்படித்தான் இருந்தது என்று பெரியவர் போனில் சொல்கிறார். முழுக் காவலாளி ஆகுமா என்பதை இப்போதைக்கு நான் சான்றிதழ் எழுதித் தர முடியாது.

தேடத் தொடங்குபவர்கள் பிறந்த குட்டியைத் தேடாமல், இணை சேரப் போகும் ஜோடியைத் தேடுங்கள். நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். அதன் மேல் எட்டு வாரம் சேர்த்தால் கையில் நாலு மாதம் இருக்கிறது. அதற்குள் பழைய குட்டிகள் இருக்கிற தோட்டங்களை ஆற அமரப் போய்ப் பார்த்துவிடலாம். பிடிக்கவில்லை என்றால் கண் திறந்த குட்டியைக் கையில் எடுப்பதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எடுத்த பிறகு அந்த வார்த்தை வாயில் வராது.