மெட்டில்லாத பாட்டில் படித்த சீனம்: நான்கு வருட அனுபவம்

பால் டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லப்போய்த்தான் ராப் கேட்டுச் சீனம் படிக்கிற இந்தக் கதை ஆரம்பித்தது. ஹாங்காங்கில் ஷாம் ஷுய் போ பக்கம் ஒரு சின்னக் கடை. ‘ச்சா ச்சான் தெங்’ என்பார்கள், நம்மூர் டீக்கடையும் மெஸ்ஸும் சேர்ந்த மாதிரி இருக்கும். நான் தெளிவாக, நிறுத்தி, “தோங், பாத் யியூ” என்றேன். பரிமாறுகிற பெரியவர் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு உள்ளே திரும்பி “ச்சாவ் திம்!” என்று கத்தினார். இனிப்பு ஓடட்டும் என்று அர்த்தம். எதிரில் உட்கார்ந்திருந்த ஹெட்போன் கடைக்காரர் சிரித்துவிட்டார். “காதல் பாட்டு கேட்டுப் படிச்சியா?” என்றார்.

உண்மைதான். ஹாங்காங்கில் பேசுகிற சீனம் கான்டனீஸ். அதன் காதல் பாட்டுகளில் திரும்பின பக்கமெல்லாம் ‘பாத் யியூ’ வரும். போகாதே, அழாதே, மறக்காதே. ஆனால் அது எழுத்து நடை. நம்மூர் டீ மாஸ்டரிடம் “தேநீரில் சர்க்கரை இட வேண்டா” என்று சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு உதிரி பாகம் வாங்கி அனுப்புகிற வேலை. ஷென்ஜென் நகரில் ஹுவாச்சியாங்பெய் சந்தைக்குப் பக்கத்தில் தங்கியிருந்தேன். அங்கே பேச மாண்டரின் வேண்டும், அதுதான் சீனாவின் பொதுமொழி. மெட்ரோவில் ஐந்து நிறுத்தம் போய் எல்லையை நடந்து கடந்தால் ஹாங்காங், அங்கே கான்டனீஸ். ஆக, ஒரே நாளில் இரண்டு மொழியிலும் தடுமாறுகிற பாக்கியம்.

கான்டனீஸ் பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது என்பது அந்தக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. பாட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாண்டரின் இலக்கணத்தில் அமைந்த பொது எழுத்து நடையில் எழுதுவார்கள், அதைக் கான்டனீஸ் உச்சரிப்பில் பாடுவார்கள். பேச்சில் ‘ஆம், ஆகும்’ என்பதற்கு ‘ஹாய்’, பாட்டில் ‘சி’. பேச்சில் மறுப்புக்கு வாயை மூடிக்கொண்டு ஒரு ‘ம்’, பாட்டில் ‘பாத்’. செந்தமிழும் பேச்சுத் தமிழும் பிரிந்து கிடக்கிற மொழியில் பிறந்த எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அப்படியானால் பேசுகிற மொழியிலேயே பாடுகிறவர்கள் யார் என்று கேட்டேன். என் போனை வாங்கி இரண்டு குழுக்களின் பெயரைத் தட்டிக் கொடுத்தார். இரண்டுமே ராப்.

முதலாவது எல்எம்எஃப். 1993-இல் தொடங்கிய குழு, 2003-இல் கலைந்தது, பிறகு மறுபடி சேர்ந்தது. ஆங்கிலப் பெயரின் விரிவை இங்கே எழுத முடியாது. சீனப் பெயர் ‘தாய் லான் தோங்’, பெருஞ்சோம்பேறிக் கூடம் என்று வைத்துக்கொள்ளலாம். அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த பையன்களின் கோபம்தான் இவர்கள் பாட்டு. ‘உக் ச்யூன் சாய்’ என்ற சொல்லை இவர்களிடம்தான் படித்தேன், ஹவுசிங் போர்டு பையன் என்று சொல்லலாம். ஹாங்காங்கில் பத்துக்கு மூன்று பேர் போல இன்றும் அரசு வாடகை வீடுகளில்தான் இருக்கிறார்கள் என்பதால், அந்தச் சொல்லுக்கு அங்கே இருக்கிற கனம் அகராதியில் கிடைக்காது. இரண்டாவது ஃபாமா, 2000-இல் சேர்ந்த இருவர் குழு. சீனப் பெயருக்கு விவசாயி என்று பொருள். உச்சரிப்பு தெளிவு, நக்கல் அதிகம். புதிதாகப் படிக்கிறவர்கள் இங்கே தொடங்குவது நல்லது. நான் எல்எம்எஃப்பில் தொடங்கி மூச்சு முட்டினேன்.

ராப் எனக்குக் கற்றுக்கொடுத்ததிலேயே பெரிய விஷயம் சுருதிதான். கான்டனீஸில் ஆறு சுருதி. ‘சி’ என்ற ஒரே அசையை ஆறு விதமாகச் சொன்னால் கவிதை, வரலாறு, முயற்சி, நேரம், சந்தை, விஷயம் என்று ஆறு பொருள் வரும். பாட்டாக இருந்தால் மெட்டு முதலில் வந்துவிடும், அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பொருந்துகிற சொல்லாகத் தேடிப் பொறுக்கி வைப்பார்கள். கேட்க அழகுதான், ஆனால் நமக்குக் கேட்பது மெட்டின் சுருதியா, சொல்லின் சுருதியா என்று பிரிக்க முடியாது. ராப்பில் மெட்டு இல்லை. சொல் தன் சொந்த உயரத்திலேயே வந்து விழும். மெட்ரோவில் ஒரே வரியை வேகம் குறைத்து நாற்பது தடவை கேட்டிருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஜபம் செய்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்தது, சொல்லின் கடைசி மெய். ஆறுக்கு ‘லுக்’, எட்டுக்கு ‘பாத்’, பத்துக்கு ‘சாப்’. நம் வாயில் ஒரு பழக்கம் இருக்கிறதே, கப் என்றால் கப்பு, பேக் என்றால் பேக்கு என்று குற்றியலுகரத்தை ஒட்டவைக்காமல் விடமாட்டோம். நானும் ‘லுக்கு, பாத்து, சாப்பு’ என்று விலை பேசிக்கொண்டிருந்தேன். ராப்பில் இந்த மெய்கள்தான் தாளமே. தவிலில் அடித்த மறுகணம் உள்ளங்கையை வைத்து அடக்குவது போல, உதடோ நாக்கோ அடைத்துக்கொள்ளும், காற்று வெளியே வராது. தாளத்தோடு சேர்த்துச் சொல்லிப் பழகியபோது உகரத்துக்கு இடமில்லாமல் போனது. பாடப் புத்தகம் ஆறு மாதத்தில் செய்யாததை இது மூன்று வாரத்தில் செய்தது.

புத்தகத்தில் இல்லாத இன்னொன்று, ‘லான் யாம்’, அதாவது சோம்பேறி உச்சரிப்பு. ‘நீ’ என்பதற்குப் புத்தகம் ‘நேய்’ என்கும், தெருவில் ‘லேய்’. ‘நான்’ என்பதற்குப் புத்தகத்தில் ‘ஙோ’. அரிச்சுவடியில் சும்மா உட்கார்ந்திருந்த ஙகரத்துக்குக் கடைசியில் ஒரு வேலை வந்ததே என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாட்டில் கேட்டால் பலர் வெறும் ‘ஓ’ என்றுதான் சொல்கிறார்கள்.

மாண்டரின் பக்கம் கதை வேறு. அங்கே ராப்புக்கே இரண்டு பெயர். தைவானில் ‘ராவ்ஷெ’, வாயாடுவது. சீனப் பெருநிலத்தில் ‘ஷுவோசாங்’, பேசிப் பாடுவது. சுருதி கற்க இது உதவாது என்பது என் அனுபவம். வேகம் ஏறினால் நான்கு சுருதியும் மழுங்கிவிடுகிறது, திரையில் ஓடுகிற எழுத்தைப் பார்த்தால்தான் பிடிபடும். சுருதியைக் கழித்துவிட்டால் மொழியில் மொத்தமே நானூறு சொச்சம் அசைகள்தான் என்பதால் இயைபு கொட்டிக் கிடக்கிறது. இரண்டு அசை ஒத்து வந்தால் ‘ஷுவாங் யா’ என்று பாராட்டுவார்கள். எதுகைக்குப் பழகிய என் காது முதலில் வரியின் தொடக்கத்திலேயே தேடிக்கொண்டிருந்தது.

ஆனால் மெய்யெழுத்துக்கு மாண்டரின் ராப் நல்ல வாத்தியார். நமக்கு இருப்பது ஒரு ‘ப’. அவர்களுக்குக் காற்று இல்லாத ‘ப’ ஒன்று, காற்றோடு வெடிக்கிற ‘ப’ ஒன்று. முதலாவதில் ‘வோ பாவ் லெ’ என்றால் வயிறு நிறைந்தது, இரண்டாவதில் ஓடிப்போய்விட்டேன். விருந்து முடிந்து நான் எதைச் சொல்லியிருப்பேன் என்று யூகித்துக்கொள்ளுங்கள். மைக்கில் அந்த வெடிப்பு ‘டப்’பென்று கேட்கும், தப்பவே முடியாது. பெய்ஜிங் ஆட்களின் பாட்டில் சொல்லின் முடிவில் நாக்கை மடிக்கும்போது ஏறத்தாழ நம் ழகரம் கேட்கும், அதில் மட்டும் நமக்குக் கொஞ்சம் சலுகை. 2000-களின் தொடக்கத்தில் அங்கே பெயர் வாங்கிய யின் த்சாங் குழுவில் வெளிநாட்டிலிருந்து வந்து மாண்டரின் கற்றவர்களும் இருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

யாரைக் கேட்கலாம் என்றால், தைனானைச் சேர்ந்த சாஃப்ட் லிபா என் முதல் சிபாரிசு. ஜாஸ் பின்னணி, அவசரமில்லாத குரல். எம்சி ஹாட்டாக் அதற்கப்புறம். 2006-இல் வந்த அவருடைய ஆல்பம் அடுத்த ஆண்டு தைவானின் கோல்டன் மெலடி விருதைச் சிறந்த மாண்டரின் ஆல்பம் என்று வாங்கியது, வாயோ கொஞ்சம் மோசம்.

இனி குறைகள். 2017-இல் ஐச்சியி வீடியோ தளத்தில் வந்த ராப் போட்டிக்குப் பிறகு பெருநிலத்தில் எங்கும் அதே பேச்சு. 2018 ஜனவரியில் தொலைக்காட்சியில் கெடுபிடி வந்தும் கேட்பது குறையவில்லை. நானும் ஆர்வமாகச் செங்டு நகரத்து ஹையர் பிரதர்ஸ் பாட்டை எடுத்துக்கொண்டு ப்ளெக்கோ அகராதியும் கையுமாக இரண்டு வாரம் உட்கார்ந்தேன். ஒன்றும் விளங்கவில்லை. என் மாண்டரின் இவ்வளவுதானா என்று நொந்து போயிருந்தபோது கிடங்கில் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்து, “இது எங்க ஊர் சிச்சுவான் பேச்சு தம்பி” என்றார். ‘என்ன’ என்பதற்கு மாண்டரினில் ‘ஷென்மே’, அவர்களுக்கு வேறு சொல், சுருதியும் வேறு. மெட்ராஸ் பாஷை கானாவை வைத்துக்கொண்டு தமிழ் படிக்க உட்கார்ந்தவன் கதிதான்.

மரியாதை இன்னொரு கண்ணி. பாட்டில் வந்த ‘கோ தியூ யாவ்’ என்ற தொடரை ‘அவர்’ என்று ஆன்கி செயலியின் அட்டையில் குறித்து மனப்பாடம் செய்திருந்தேன். அதன் உண்மையான பொருள் ‘அந்தப் பய’. அறுபது வயது சப்ளையர் எங்கே என்று அவர் மனைவியிடமே அந்தச் சொல்லில் விசாரித்தேன். அந்த மாதம் விலை இறங்கவில்லை. வசை எது, வழக்கு எது என்று பாட்டு பிரித்துக் காட்டாது. பேசிப் பார்ப்பதற்கு முன் உள்ளூர் ஆள் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். பில் போடவும் கஸ்டம்ஸில் பேசவும் தேவையான சொல் ஒன்றுகூட ராப்பில் கிடைக்காது, அதற்குப் பழையபடி புத்தகம்தான்.

போன வருடம் ஹாங்காங் போனபோது ஹெட்போன் கடையில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள், கல்லூரியில் படிக்கிறாள். ஐந்து நிமிடம் விடாமல் பேசினேன், உகரம் ஒட்டாமல், ‘லேய்’, ‘ஓ’ என்று தெருப் பேச்சாகவே. கேட்டுவிட்டுச் சிரித்தாள். “அங்கிள், நீங்க அப்படியே எங்க அப்பா மாதிரி பேசுறீங்க. இந்தச் சொல்லெல்லாம் இப்ப யாரும் சொல்றதில்ல.” பிறகு என் போனை வாங்கி, இப்போது அவர்கள் கேட்கிறவர்களின் பெயர்களைத் தட்டிக் கொடுத்தாள். ரயிலில் போட்டுப் பார்த்தேன். பாதி ஆங்கிலமாக இருக்கிறது.