‘ரைசிங் ஃபோர்ஸ்’: பதினெட்டு வருடம் கேட்ட பிறகு

கல்லூரி விடுதியில் அறைத்தோழன் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த எம்பி3 கோப்புகளாகத்தான் இந்த மெட்டல் கிட்டார் ஆல்பம் என்னிடம் வந்தது. “ஸ்பீடைக் கேளுடா, மண்டை காஞ்சிடும்” என்றான். காய்ந்தது. இரண்டு மாதம் வேறெதுவும் ஓடவில்லை. அப்புறம் திகட்டிப்போய் இரண்டு வருடம் இந்தப் பக்கமே வரவில்லை.

ஸ்வீடன்காரக் கிட்டார் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீன் 1984இல் இதை வெளியிட்டபோது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. மொத்தம் எட்டு டிராக், நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆறில் குரலே கிடையாது. மற்ற இரண்டில் ஜெஃப் ஸ்காட் சோட்டோ பாடுகிறார். டிரம்ஸில் முன்பு ஜெத்ரோ டல் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் இருந்த பாரிமோர் பார்லோ. பாஸ் கிட்டாரையும் மால்ம்ஸ்டீனே வாசித்துக்கொண்டார். பெரும்பாலும் வெறும் வாத்திய இசையாக இருந்தும் அமெரிக்க ஆல்பங்களின் பில்போர்டு 200 பட்டியலில் 60ஆம் இடம் வரை ஏறியது, கிராமி பரிந்துரையும் கிடைத்தது.

அவர் அதிகம் புழங்குவது ஹார்மோனிக் மைனர் ஸ்கேல். நம் கணக்கில் அது கீரவாணி ராகம். அதே ஸ்வரங்களைப் பஞ்சமத்திலிருந்து தொடங்கினால் வகுளாபரணம். அதனாலோ என்னவோ, மெட்டல் பிடிக்காத என் அம்மாவுக்குக்கூட இதில் சில இடங்கள் உறுத்தவில்லை. “சத்தத்தை மட்டும் குறைச்சா நல்லாத்தான் இருக்கு” என்பார். குறைத்தால் பாதி போய்விடும் என்பது வேறு விஷயம்.

எனக்குத் திருப்பம் வந்தது ஒரு முட்டாள்தனத்தால். மால்ம்ஸ்டீனின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருப்பார்கள். வீணையில் மெட்டுகளுக்கு நடுவே இருப்பதுபோல, விரல் கம்பியைத்தான் தொடும், கீழே எதுவும் தட்டாது. நானும் என் மலிவு கிட்டாரை ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் செதுக்கச் சொன்னேன். திரும்பி வந்த கிட்டாரில் எந்தக் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிடித்தாலும் சுருதி ஏறியது. அவர் குழிவை ஒரே அளவாகச் செதுக்கவில்லை என்பது ஒரு பாதி. மறுபாதி, என் விரல் அழுத்தம். கம்பியைப் பூப்போலத் தொடப் பழகவே ஏழெட்டு மாதம் ஆனது.

அதன்பிறகு ஆல்பத்தின் முதல் டிராக் ‘பிளாக் ஸ்டார்’ கேட்டபோது வேறு பாட்டாக இருந்தது. கிளாசிகல் கிட்டார் முன்னுரை முடிந்து எலெக்ட்ரிக் நுழைகிறதே, அங்கே அவசரமே இல்லை. ஒரு ஸ்வரத்தை நிறுத்துகிறார், அது நேராக நிற்கிறது, பிறகுதான் அகலமாக, மெதுவாக அசைக்கிறார். அந்த அசைவு எவ்வளவு கடினம் என்று செதுக்கிய கிட்டாரில் விரல் வைத்தவனுக்குத்தான் தெரியும். இத்தனை வருடம் ஸ்வரங்களை எண்ணிக்கொண்டிருந்த நான், நடுவில் அவர் நிற்கும் இடங்களைக் கவனிக்கவே இல்லை.

எம்பி3யிலிருந்து சிடிக்கு மாறியதில் இன்னொரு குட்டும் உடைந்தது. ‘ஃபார் பியாண்ட் தி சன்’ நடுவில் கிட்டார் என்று நான் சிலாகித்துக்கொண்டிருந்த ஓட்டங்களில் சில ஜென்ஸ் ஜோஹன்சனின் கீபோர்டு! இருவரும் மாறி மாறிப் பாய்கிறார்கள். நல்ல ஹெட்போன் இல்லாமல் யார் எவர் என்று பிரிப்பது சிரமம்.

‘இகாரஸ் ட்ரீம் ஸ்வீட்’ இத்தாலிய இசையமைப்பாளர் அல்பினோனி பெயரில் புகழ்பெற்ற அடாஜியோ என்ற மெதுநடை இசையின் சாயலில் தொடங்குகிறது. (அந்த அடாஜியோவை 1958இல் வெளியிட்டவர் ரெமோ ஜியாசோட்டோ, பெரும்பகுதி அவர் கைவேலைதான் என்பார்கள்.) எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுவதை இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பேன்.

குறை இல்லையா? நிறைய. பாஸ் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. பாடல் வரிகள் சுமார் ரகம். ‘லிட்டில் சாவேஜ்’ வரும்போது எனக்குக் கவனம் சிதறிவிடும். ஒரே நாளில் இரண்டு முறை கேட்கும் ஆல்பமும் இல்லை. மாதம் ஒருமுறை என்பது எனக்குச் சரியாக இருக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் ‘பிளாக் ஸ்டார்’ மட்டும் ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள்.

கடைசி டிராக் ‘ஃபேர்வெல்’ ஒரு நிமிடம்கூட வராது. சின்ன அகூஸ்டிக் துண்டு. செயலியில் அது முடிந்த கையோடு வேறு யாருடைய டிரம்ஸோ வந்து விழும். ஆட்டோபிளேயை அணைத்து வைத்திருப்பது இந்த ஒரு ஆல்பத்துக்காகத்தான்.