ஸ்டார்ட்டரா, சோக்கா, எல்இடியா? கண் சிமிட்டுற டியூப்லைட்டுல எங்க கை வைக்கிறது

டியூப்லைட் மினுக்கு மினுக்குன்னு அடிக்க ஆரம்பிச்சா வீட்ல உடனே ரெண்டு கட்சி உருவாயிடும். ஒண்ணு "ஸ்டார்ட்டர மாத்துனா எரியப்போகுது, இதுக்கு ஏன் இவ்ளோ கூத்து"ங்கும், இன்னொண்ணு "அந்தப் பழைய பட்டிய கழட்டி எறிஞ்சுட்டு எல்இடி மாட்டித் தொலைங்க"ங்கும். நான் ரெண்டு கட்சியிலயும் இருந்தவன், ரெண்டுலயும் தப்பும் பண்ணியிருக்கேன். இப்ப என் கணக்கு இதுதான்: சோக் (டியூபுக்குப் போற கரண்ட்ட கட்டுப்படுத்துற பாகம்) உசுரோட இருக்குற வரைக்கும் ரிப்பேர், சோக் போச்சுன்னா பட்டியும் (டியூப தாங்குற மொத்த ஃபிட்டிங்) அது கூடவே போகட்டும். நடுவுல இருக்குற அரைகுறை வழிங்க பெரும்பாலும் நம்ம நேரத்ததான் திங்கும்.

எத வாங்கலாம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, எது கெட்டுச்சுன்னு தெரியணும். இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, டியூப் போயிருக்கும் ஸ்டார்ட்டர மாத்துவாங்க, டியூப் முனைய சொருகுற ஹோல்டர் போயிருக்கும் டியூப மாத்துவாங்க.

பழைய இரும்புச் சோக் போட்ட பட்டியில நடக்குறது என்னன்னா, சுவிட்ச போட்டதும் முழு வோல்டேஜும் ஸ்டார்ட்டர் மேல வந்து விழும். அந்தச் சின்ன டப்பாவுக்குள்ள வாயு அடைச்ச ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கு, அதுக்குள்ள சூடு பட்டா வளையுற ஒரு உலோகப் பட்டை. குமிழ் லேசா ஒளிரும், பட்டை சூடாகி வளைஞ்சு எதிர்ல இருக்குறத தொடும், உடனே டியூபோட ரெண்டு முனையில இருக்குற இழை வழியா கரண்ட் ஓடி அது சிவக்கும். தொட்டதும் குமிழோட ஒளி நின்னுடுது இல்லையா, அதனால பட்டை ஆறி பிரிஞ்சுக்கும். பிரியுற அந்த நொடியில சோக் ஒரு உதை விடும், பல நூறு வோல்ட், டியூப் பத்திக்கும். 36 வாட் டியூப் எரிய ஆரம்பிச்சுட்டா அதுக்கு குறுக்கால நூறு வோல்ட்டுக்கு கொஞ்சம் மேலதான் இருக்கும், ஸ்டார்ட்டர் மறுபடி முழிக்க அது பத்தாது, அதனால கம்முன்னு கிடக்கும். லேட்டா புரிஞ்சுக்குற ஆள "டியூப்லைட்"னு கிண்டல் பண்றோமே, அந்தப் பேருக்கு மூலகாரணமே இந்தத் தொடுறதும் பிரியுறதும்தான். சுவிட்ச தட்டுனதும் எரியுற எல்இடிய பாத்தே வளர்ற பசங்களுக்கு இனிமே அந்த ஜோக்க விளக்கித்தான் சொல்லணும்.

இது தெரிஞ்சுட்டா பாதி நோய பாத்தே சொல்லிடலாம். ரெண்டு முனையும் சிவப்பா ஒளிருது, நடுவுல இருட்டா இருக்குன்னா ஸ்டார்ட்டர் ஒட்டிக்கிச்சு. அந்த நிலையில ஸ்டார்ட்டர மட்டும் கால் சுத்து திருப்பி உருவிப் பாருங்க, டியூப் பட்டுனு பத்திக்கிட்டா குற்றவாளி அதுதான். (உலர்ந்த கையா இருக்கணும், உடைஞ்ச ஸ்டார்ட்டர்னா தொடவே கூடாது, மெயின ஆஃப் பண்ணிட்டுதான் கழட்டணும்.) இத "எரியுற மாதிரிதான இருக்கு"ன்னு அப்படியே விட்டுட்டீங்கன்னா சோக் சூடாகிட்டே இருக்கும், டியூப் முனையில இருக்குற பூச்சும் சீக்கிரம் தீரும். விட்டு விட்டு மினுக்குது, முனை ரெண்டும் கரி பூசுன மாதிரி கருத்திருக்குன்னா டியூபுக்கு வயசாச்சு, புது ஸ்டார்ட்டர் போட்டும் பிரயோஜனம் இல்ல, அந்தக் கிழட்டு டியூப் புது ஸ்டார்ட்டரையும் அடிச்சு அடிச்சு சேத்துக் கொன்னுடும். முனை வெள்ளையா இருக்கு ஆனா மினுக்குதுன்னா முதல்ல ஸ்டார்ட்டர், அப்புறம் வோல்டேஜ். ஒண்ணுமே அசைவு இல்லன்னா டியூப கழட்டி ஒவ்வொரு முனையிலயும் இருக்குற ரெண்டு பின்னுக்கும் நடுவுல மல்டிமீட்டர வெச்சு பாருங்க, சில ஓம் காட்டணும், காட்டலைன்னா இழை அறுந்துருச்சு. சோக்குக்கும் அதே சோதனைதான், அது சில பத்து ஓம் காட்டும். புது டியூப் போட்ட கொஞ்ச நேரத்துலயே முனை கருத்து இழை அறுந்தா இன்னொரு டியூப தியாகம் பண்ணாதீங்க, சோக்குக்குள்ள சுத்து ஒட்டிக்கிட்டு கரண்ட்ட அளவில்லாம விடுதுன்னு அர்த்தம். புது டியூப்ல வெளிச்சம் பாம்பு மாதிரி நெளிஞ்சா பயப்படாதீங்க, கொஞ்ச நேரம் எரியவிட்டா சரியாயிடும்.

யாரும் சந்தேகப்படாத ஆள் ஒருத்தர் இருக்கார், ஹோல்டர். எங்க வீட்டு பட்டி ஒண்ணு கைய வெச்சு டியூப லேசா திருப்புனா எரியும், விட்டா அணையும், நானும் ஸ்டார்ட்டர் ரெண்டு, டியூப் ஒண்ணு மாத்துனேன். கடைசியில ஏணி போட்டு ஏறி கிட்டத்துல பாத்தா ஹோல்டரோட வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகி, நகத்தால சுரண்டுனா பொடிப்பொடியா உதிருது, உள்ள இருந்த பித்தளைத் தகடு தளர்ந்து பச்சை பூத்துக் கிடக்கு. ரெண்டு ஹோல்டர் மாத்துனேன், முடிஞ்சது. இத ஞாபகத்துல வெச்சுக்குங்க, எல்இடி கதையில இந்த ஹோல்டர் திரும்ப வரும்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். ஸ்டார்ட்டரோ டியூபோ மட்டும் போயிருந்தா அத மாத்துறதோட எதுவும் போட்டி போட முடியாது, அஞ்சு நிமிஷ வேலை, வயர தொட வேண்டியதில்ல. ஆனா ஸ்டார்ட்டர் மேல என்ன எழுதியிருக்குன்னு பாத்து வாங்குங்க, 220-240 வோல்ட் லைன்ல தனி டியூபுக்கு 4-65 வாட்னு போட்டது, ரெண்டு குட்டி டியூப் வரிசையா மாட்டுற பட்டிக்கு 4-22 வாட்னு போட்டது, மாத்திப் போட்டா மினுக்கிட்டே இருக்கும். டியூபும் அப்படித்தான், நாலு அடிப் பட்டியில பழைய 40 வாட் குண்டு டியூபுக்கு பதிலா 26 மில்லிமீட்டர் 36 வாட் டியூப் (டி8னு சொல்றது) அப்படியே உக்காரும், ஒல்லியான 16 மில்லிமீட்டர் டி5 உக்காராது, அது நீளமே கம்மி, எலக்ட்ரானிக் சோக்கும் வேணும்.

இந்த வழிக்கு ஒரே வில்லன் காலம். பாதரசத்த கட்டுப்படுத்துற மினமாட்டா ஒப்பந்தத்துல இருக்குற நாடுங்க 2023ல கூடி, இந்த நீள டியூபுங்களோட தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள்ள நிறுத்துறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க, உள்ள பாதரசம் இருக்குறதுதான் காரணம். ஐரோப்பிய யூனியன் 2023 ஆகஸ்ட்லயே டி8, டி5 ரெண்டுக்கும் கதவ சாத்திருச்சு. அதனால இன்னிக்கு ரிப்பேர் சரி, பத்து வருஷத் திட்டமா வெச்சுக்க முடியாது.

சோக் போச்சுன்னா? அதே இரும்புச் சோக்க திரும்ப வாங்குறதுல ஒரு நியாயம் இருக்கு, அது சாதாரணமா சாகாது, வோல்டேஜ் ஏறுனாலும் இறங்குனாலும் எருமை மாதிரி நிக்கும். ஆனா அது தனக்குன்னு எட்டுலேர்ந்து பத்து வாட் சூடாவே தின்னும், 36 வாட் டியூபுக்கு மொத்தம் 45 வாட் கிட்ட போகும். ராத்திரி அமைதியில "ம்ம்ம்"னு ஒரு முனகல் வேற. அதுக்கு எதிர்ல எலக்ட்ரானிக் சோக், ஸ்டார்ட்டரே வேண்டாம், மொத்தமே 36 வாட் சுத்திதான் இழுக்கும், 50 ஹெர்ட்ஸ் லைன்ல இரும்புச் சோக் டியூப செகண்டுக்கு நூறு தடவை துடிக்க வைக்கும், இது அத இருபதாயிரத்துக்கு மேல கொண்டுபோயிடுறதால கண்ணுக்கு இதம், முனகலும் இல்ல. கேக்க நல்லாத்தான் இருக்கு, நானும் மயங்கி மாத்துனேன், ஒரு மழைக்கால இடியில போச்சு, இன்னொண்ணு போட்டேன், அதுவும் ரொம்ப நாள் தாங்கல. உள்ள இருக்குற கெப்பாசிட்டருக்கு சூடு ஆகாது, மூடுன பட்டிக்குள்ள சூடுதான் இருக்கும், அப்புறம் எப்படி தாங்கும். ஏற்கனவே நல்ல டியூபுங்க கையில மீதி இருக்குன்னா மட்டும் எலக்ட்ரானிக் சோக் போடுங்க, இல்லாட்டி சாகப்போற டியூபுக்கு புது இதயம் வெச்ச கதைதான்.

எல்இடி டியூப்ல ரெண்டு ஜாதி இருக்கு, கடையில நிக்கும்போதே தெரிஞ்சுக்கணும். ஒண்ணு சோக்க அப்படியே விட்டுட்டு மாட்டுறது, டியூப் கூடவே ஒரு போலி ஸ்டார்ட்டர் தருவாங்க, உள்ள வெறும் ஃபியூஸ்தான், பழைய ஸ்டார்ட்டர கழட்டிட்டு அத போடணும். வயர் வேலையே இல்ல, வாடகை வீட்டுக்கு இதுதான் சரி, காலி பண்ணும்போது பழசையே திரும்ப மாட்டிட்டு போயிடலாம். கவனிக்க வேண்டியது, எலக்ட்ரானிக் சோக் இருக்குற பட்டியில இத மாட்டவே கூடாது, ஒத்துப்போகும்னு டப்பாவுல எழுதியிருந்தா ஒழிய. அப்புறம் பின்னாடி யாராவது அந்தப் போலி ஸ்டார்ட்டர் மேலேயே பழைய டியூப மாட்டுனா ரெண்டு முனையும் சிவந்துகிட்டே நிக்கும், பத்தாது.

ரெண்டாவது ஜாதிக்கு சோக்க வெட்டி எடுத்துட்டு லைன நேரா ஹோல்டருக்கே கொண்டுவரணும். சிலதுக்கு ஒரே முனையில ஃபேஸும் நியூட்ரலும், சிலதுக்கு இந்த முனை ஃபேஸ் அந்த முனை நியூட்ரல், டியூப் மேலயே படம் போட்டிருப்பாங்க. எனக்கு இதுலதான் மனசு ஒப்பல. ரெண்டு முனைக்கும் லைன் போற வகையில ஒரு முனைய சொருகிட்டு மறுமுனை பின்ன கையால பிடிச்சா, சில டியூப்ல ஷாக் அடிக்கவே வாய்ப்பு இருக்கு, அதுவும் ஏணி மேல நிக்கும்போது. நாளைக்கு விவரம் தெரியாத ஒருத்தர் வந்து அதே பட்டியில சாதாரண டியூப மாட்டுனா அத கட்டுப்படுத்த சோக்கே கிடையாது. செஞ்சே ஆகணும்னா பட்டி மேல "எல்இடி மட்டும்"னு பெருசா எழுதி ஒட்டிருங்க. இவ்ளோ மெனக்கெட்டும் புது டியூப் தொங்குறது எதுல? அதே உதிர்ற ஹோல்டர்ல.

அதனாலதான் சோக் போனா பட்டியோட மாத்துன்னு சொல்றேன். முழு எல்இடி பட்டியில ஹோல்டர் கிடையாது, ஸ்டார்ட்டர் கிடையாது, ரெண்டு வயர், எர்த் இருந்தா மூணு, கனெக்டர்ல இறுக்குனா தீந்துச்சு. 20 வாட் பட்டிய பழைய 45 வாட்டோட வெச்சு பாத்தா, தினம் ஆறு மணி நேரம் எரிஞ்சா வருஷத்துக்கு 55 யூனிட் மிச்சம். குறையும் சொல்லிடுறேன். டியூப் சுத்தி எல்லா பக்கமும் வெளிச்சம் கொட்டும், இது கீழ மட்டும்தான். மாட்டுன முதல் நாள் ரூம் பளிச்சுன்னு இருந்துச்சு, நிமிந்து பாத்தா சீலிங் இருட்டா ஒரு குகை மாதிரி. நல்ல 36 வாட் டியூப் புதுசுல 3,300 லூமென் (வெளிச்சத்தோட அளவு) கிட்ட தரும், 20 வாட் எல்இடி பொதுவா 2,000 சுத்திதான், கீழ குவியுறதால மட்டும்தான் ஈடு கட்டுது. டப்பாவுல போட்டிருக்குற ஆயிரக்கணக்கான மணி நேரத்தையும் அப்படியே நம்பாதீங்க, எல்இடி சில்லு தாங்கும், அதுக்கு கரண்ட்ட பக்குவமா மாத்திக் குடுக்குற டிரைவர் சர்க்யூட் தாங்கணுமே. அது போச்சுன்னா பெரும்பாலும் முழுசா தூக்கிப் போடுறதுதான், டியூப்லைட் மாதிரி பாகம் பாகமா மாத்த முடியாது, இந்த ஒரு விஷயத்துல பழசுதான் ஒசத்தி.

எந்த வழியில போனாலும் வயர தொடுறதுக்கு முன்னாடி சுவிட்ச மட்டும் நம்பாம மெயின ஆஃப் பண்ணுங்க. சுவிட்ச் நியூட்ரல்ல போட்டிருந்தா ஆஃப்ல இருக்கும்போதும் பட்டியில ஃபேஸ் நிக்கும். ஆஃப் பண்ணப்புறமும் ராத்திரில டியூபோ எல்இடியோ மங்கலா மினுங்குனா அதுவும் இதோட அடையாளமா இருக்கலாம், இல்ல சுவிட்ச்ல இருக்குற குட்டி இண்டிகேட்டர் லைட்டோட வேலையா இருக்கலாம். டெஸ்டர் வெச்சு பாத்துட்டே கைய வைங்க, வயர் கலர பாத்து முடிவு பண்ணாதீங்க, முன்னாடி மாட்டுனவர் கையில அன்னிக்கு என்ன கலர் இருந்துச்சோ அதுதான் அங்க இருக்கும்.

கழட்டுன டியூப குப்பைத் தொட்டியில உடைச்சுப் போடாதீங்க, சில மில்லிகிராம்தான்னாலும் பாதரசம் பாதரசம்தான். கைதவறி உடைஞ்சுட்டா ஜன்னலத் திறந்து விட்டுட்டு எல்லாரும் பத்து பதினஞ்சு நிமிஷம் வெளிய போங்க, அப்புறம் தடிமனான அட்டையால வழிச்சு எடுத்து, மிச்சப் பொடிய ஒட்டுற டேப்பால ஒத்தி எடுத்து மூடி போட்ட டப்பாவுல போடுங்க, துடைப்பமும் வேக்குவமும் அந்தப் பொடிய காத்துல பரப்பிவிடும். இரும்புச் சோக்க மட்டும் நான் இன்னும் எறியல, உள்ள செம்புக் கம்பி இருக்கு, பழைய இரும்புக்காரர்கிட்ட போனா அதுக்கு ஒரு மரியாதை கிடைக்கும்.