9,800 ரூபாயை இழந்துவிட்டு எழுதுகிறேன்: விசிறி சுற்றுவதைக் காட்டி மதர்போர்டை மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள்

நேற்று மாலைதான் உண்மை தெரிந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. 9,800 ரூபாய். அந்தப் பணத்தைச் சேர்க்க நான் எத்தனை ராத்திரி கண் விழித்திருப்பேன் என்பது எனக்குத்தான் தெரியும். கணினியில் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் உள்பெட்டி, பழுதானால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது.

பள்ளத்தூரில் வீட்டில் இருந்தபடியே கல்யாணப் பத்திரிகை, சாந்திப் பத்திரிகை (அறுபதாம் கல்யாணம் போன்றவை) வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். நகரத்தார் வீட்டுப் பத்திரிகை லேசான வேலை இல்லை. கோயில், பிரிவு, அய்யா பெயர், அப்பச்சி பெயர் எல்லாம் முறைப்படி வர வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் அச்சடித்த அத்தனையும் வீண். ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆடியிலேயே வேலை குவிந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் கணினி மக்கர் செய்யத் தொடங்கியது.

சும்மா தட்டச்சு செய்யும்போது ஒன்றும் ஆகாது. பெரிய படங்களைச் சேர்த்து அச்சுக்கான கோப்பாக மாற்றக் கொடுத்தால் பாதியில் பட்டென்று அணைந்துவிடும். யு.பி.எஸ்ஸில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கணினி மட்டும் செத்துக் கிடக்கும். மறுபடி பொத்தானை அழுத்தினால் சில சமயம் முதல் தடவையிலேயே வரும், சில சமயம் மூன்றாவது தடவைதான் உயிர் வரும். பெட்டியின் பின்பக்கம் லேசாக ஒரு கருகல் வாசனையும் வந்தது. இதை நான் கடையில் சொன்னேன். முதல் நாளே சொன்னேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியில், கணினி விற்பனையும் பழுதுநீக்கமும் சேர்த்துச் செய்யும் ஒரு மாடிக் கடை. பெயர் எழுதவில்லை, என் சண்டையை முறையான இடத்தில் போட்டுக்கொள்கிறேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கடைக்காரர் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். நாற்காலி போட்டார், காப்பி வரவழைத்தார். "வீட்டில் கணினி தெரிந்தவர்கள் யாரும் இல்லையா அக்கா?" என்று கேட்டார். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார், நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "கவலைப்படாதீர்கள், என்னை உங்கள் தம்பி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன்.

பிறகு செய்ததைக் கவனியுங்கள். எல்லாப் பாகங்களும் பொருந்தும் பெரிய பலகையான மதர்போர்டில், எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து வந்து செருகியிருந்த 24 பின் கனெக்டரைக் கழற்றினார். மேசை டப்பாவிலிருந்து காகிதம் கோக்கும் கிளிப் ஒன்றை எடுத்து நிமிர்த்தி, இங்கிலீஷ் எழுத்து யு மாதிரி வளைத்தார். பச்சை வயர் இருக்கும் துளையில் ஒரு முனை, பக்கத்துக் கறுப்பு வயர் துளையில் மறுமுனை. சுவிட்சைப் போட்டதும் எஸ்.எம்.பி.எஸ். விசிறி விர்ரென்று சுற்றியது, அதிலிருந்த தூசி என் சேலையில் பறந்து விழுந்தது. "பார்த்தீர்களா அக்கா, எஸ்.எம்.பி.எஸ். கல்லு மாதிரி இருக்கிறது. இனி மிச்சம் மதர்போர்டுதான்" என்றார். என் கண்ணாலேயே பார்த்தேனே, எப்படி நம்பாமல் இருப்பது?

அதோடு விடவில்லை. கணினியை ஓடவிட்டு, விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் சிவப்புக் குறியோடு 'கெர்னல் பவர் 41' என்று வரிசையாக இருந்ததைத் திருப்பிக் காட்டினார். "மதர்போர்டு போய்விட்டது என்று கணினியே சொல்கிறது" என்றார். அது முழுப் பொய் என்று இப்போது தெரிகிறது. முறைப்படி மூடாமல் கணினி அணைந்து மறுபடி எழுந்தது என்பதற்கு மேல் அந்த 41 எதையும் சொல்வதில்லை. எந்தப் பாகம் கெட்டது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

போர்டு 8,600, கூலி 1,200. மொத்தம் 9,800. பேரம்கூடப் பேசாமல் எண்ணிக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டில் 'போர்டு மாற்றம் 9,800' என்று எழுதிக் கொடுத்தார்கள். பழைய போர்டை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

மறுநாள் ராத்திரி தேவகோட்டை ஆச்சி வீட்டுப் பத்திரிகையை அச்சுக்கு மாற்றினேன். அறுபது சதவீதம் போனது. பட்டென்று அணைந்தது. அதே மாதிரி. அதே கருகல் வாசனை.

அதன் பிறகு நான் வாங்கிய பதில்களைக் கேளுங்கள். முதல் நாள் போனில், "விண்டோஸ் புதிதாகப் போட வேண்டும் அக்கா, 500 ஆகும்." போர்டு மாற்றும்போது ஏன் சொல்லவில்லை என்றால் பதில் இல்லை. இரண்டாம் நாள், "உங்களுடையது பழைய செட்டிநாட்டு வீடு அல்லவா, எர்த் சரியாக இருக்காது." வீடு பழையதுதான். ஆனால் வயரிங் முழுவதையும் மாற்றிப் புதிதாக எர்த் குழி வெட்டியிருக்கிறோம். கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் கரண்டும் அந்தக் காலத்துக் கரண்ட் என்று நினைத்துவிட்டார் போலும். மூன்றாம் நாள், முதலாளி மதுரைக்குப் போயிருக்கிறார். நான்காம் நாள் போனையே எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் பெட்டியோடு நேரில் போய் நின்றேன். நாற்காலியும் இல்லை, காப்பியும் இல்லை. "போர்டை மாற்றச் சொல்லிச் சம்மதித்தது நீங்கள்தானே?" தம்பி மாதிரி நினைக்கச் சொன்ன அதே வாய்.

அதற்குள் தேவகோட்டை ஆச்சி பொறுமை இழந்து மதுரை அச்சகத்தில் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முகூர்த்தம் எனக்காகக் காத்திருக்குமா?

எங்கள் தெருவில் முப்பது வருடம் டி.வி. பழுதுபார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாமா என்றுதான் கூப்பிடுவோம். நேற்று மாலை அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். வோல்ட் அளக்கும் பழைய மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முதலில் சூட்டைப் பார்த்தார். பிராசசர் அதிகமாகச் சூடேறினாலும் இப்படி அணையுமாம். திரையில் 62 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. "அது இல்லை ஆத்தா" என்று அடுத்ததற்குப் போனார். எதற்கும் செருகாமல் தொங்கிய நான்கு பின் கனெக்டரில் மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை மஞ்சள் வயரிலும் வைத்தார். மஞ்சள் வயரில் 12 வோல்ட் வர வேண்டும். ஐந்து சதவீதம் ஏற இறங்க இருக்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. கணினி சும்மா இருக்கும்போது 11.7 காட்டியது. "இப்போது உன் வேலையைக் கொடு" என்றார். பத்திரிகையை அச்சுக்கு மாற்றக் கொடுத்தேன். 11.3. 11.1. 10.9. இருவரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டென்று அணைந்தது.

மாமா நிமிராமலே சொன்னார்: "ஓட்டைக் குடத்தைத் தண்ணீர் ஊற்றாமலே தூக்கிக் காட்டி, ஒழுகவில்லை பார் என்று சொல்லியிருக்கிறான் ஆத்தா."

கிளிப் சோதனை அவ்வளவுதான். பச்சையையும் கறுப்பையும் சேர்த்தால் எஸ்.எம்.பி.எஸ். எழுகிறதா என்று மட்டும் தெரியும். ஒரு விசிறியைச் சுற்ற எவ்வளவு மின்சாரம் வேண்டும்? பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து இழுக்கும்போது தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. சுமை இல்லாமல் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்வது, தொழில் தெரிந்தவன் செய்யக்கூடிய தவறு இல்லை. தெரிந்தே செய்திருக்கிறார்கள், என்னால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை. மாமா டார்ச் அடித்து எஸ்.எம்.பி.எஸ்ஸின் கம்பி இடுக்கு வழியாகக் காட்டினார். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சிறு உருளைகளான கண்டென்சர்கள் இரண்டு, தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பி, மேலே பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. கடையில் ஒரு டார்ச் கூடவா இல்லை?

மாமா தன் பேரன் கணினியிலிருந்து எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கழற்றி வந்து போட்டுப் பார்த்தார். நாற்பது நிமிடம் விடாமல் வேலை கொடுத்தோம். அசையவில்லை. 3,200 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கினால் முடிந்துபோயிருக்கும் காரியம். அதற்கு 9,800 ரூபாய் அழுதேன், இப்போது அந்த 3,200-ஐயும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

வயிறு எரியும் விஷயம் இன்னொன்று. பெட்டி திறந்திருந்தபோது மாமா அந்தப் 'புது' போர்டையும் பார்த்தார். திருகாணித் துளைகளைச் சுற்றிக் கீறல். மெமரி செருகும் இடத்தின் மூலையில் பழைய தூசி அப்பியிருக்கிறது. வரிசை எண் சீட்டு பாதி கிழிக்கப்பட்டிருக்கிறது. யாரோ கழற்றிப் போட்ட போர்டைத்தான் என்னிடம் 8,600-க்குத் தலையில் கட்டியிருக்கிறார்கள். உடனே போன் செய்து என் பழைய போர்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "அது காயலான் கடைக்குப் போய்விட்டது" என்று வைத்துவிட்டார். என் நல்ல போர்டு காயலான் கடைக்குப் போனதா, அல்லது என்னைப் போல இன்னொருத்தி பெட்டியில் புதிது என்று ஏறப்போகிறதா?

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதுவதாக இருந்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். வேலை கூடும்போது மட்டும் அணைந்தால், சூட்டை அடுத்து எஸ்.எம்.பி.எஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாற்றிப் போட்டு ஓட்டிக் காட்டாமல் போர்டில் கை வைக்க விடாதீர்கள். கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். துண்டுச் சீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், ஆளையே கொன்றுவிடும்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் காலையில் புகாரைப் பதிந்துவிட்டேன். அடுத்து சிவகங்கை நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் இல்லை. அந்தத் துண்டுச் சீட்டையும், மீட்டரில் 10.9 காட்டியபோது மாமா எடுக்கச் சொன்ன படத்தையும் ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.